பத்தியத்தார் ஆண்ட இராச்சியம்

உலகத்தில் இதுவரை பிறந்த மந்திரவாதிகளில், கத்திரிக்காய் சாப்பிட்டதற்காகச் செத்துப்போகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை முழுவதும் பத்தியத்தாரையே சேரும்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட மோட்டார் சைக்கிள் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். கடைக்கு மேல்மாடியில், டயர்களுக்கும் டியூப்களுக்கும் நடுவே ஒரு மேசை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அந்த மேசைதான் எங்கள் இராச்சியம்.

சீனன்குடாப் பக்கம் வேலை பார்த்த ரெஜிக்கு அவனுடைய அக்கா கனடாவிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி அனுப்பியிருந்தாள். ஆளுக்கொரு வேடம். நான் மந்திரவாதி, ரெஜி கள்ளன், கணக்கு ரீச்சர் சுதா வாள்வீராங்கனை. கதை நடத்துபவர் பத்தியத்தார். "குகைக்குள்ளை பூதம் நிக்குது, என்ன செய்யப் போறியள்?" என்று அவர் கேட்பார். நாங்கள் செய்வதைச் சொல்லிவிட்டு, இருபது முகமுள்ள தாயக்கட்டையை உருட்டுவோம். நல்ல எண் விழுந்தால் பூதம் சாகும். விழாவிட்டால் எங்களுக்கு அடி.

அடி வாங்கினால் கவலையில்லை என்றது பெட்டியோடு வந்த விதிப்புத்தகம். ஒரு இரவு நித்திரை கொண்டால் எல்லாக் காயமும் மாறிவிடுமாம். அவசரமென்றால் ஒரு சிவப்பு மருந்தைக் குடித்தாலே போதுமாம். பத்தியத்தார் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"ஒரு நித்திரையிலை வெட்டுக்காயம் மாறுமோ? மோட்டார் சைக்கிளுக்குக்கூடப் புது பிஸ்டன் போட்டால் கொஞ்ச நாளைக்கு மெதுவாய்த்தான் ஓட வேணும். இது மனிசர் ஐசே!"

அன்றிலிருந்து அவருடைய சட்டம்தான். ரெஜியின் கள்ளனுக்குக் கால் சுளுக்கியது. காலை நிலத்தில் ஊன்றக் கூடாது என்று தீர்ப்பு. ஒரு மாதமாக அந்தக் கள்ளனை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுதான் களவுக்குப் போனோம். சத்தமில்லாமல் வீடு புகுவதற்கு மாட்டுவண்டி அவ்வளவு தோதில்லை.

எனக்குத் தோளில் அம்பு பட்டது. அரசனுடைய விருந்தில் கத்திரிக்காய்க் கறி இருந்தது, சாப்பிட்டேன்.

"போச்சு. சீழ் பிடிச்சிட்டுது," என்றார் பத்தியத்தார்.

"அண்ணை, இது மந்திர உலகம்!"

"எந்த உலகமெண்டாலும் புண்ணுக்குக் கத்திரிக்காய் கூடாது."

பட்டப்பெயர் அன்றைக்கே விழுந்தது. இன்னொரு நாள் பறவைநாகம் ஒன்று எங்கள் தலைக்கு மேலே நெருப்பைக் கக்கிக்கொண்டு நின்றபோது, நான் சிவப்பு மருந்துப் போத்தலைத் திறந்தேன். "வெறும் வயித்திலை குடிக்க ஏலாது. முதல் ஒரு துண்டுப் பாணாவது கடியுங்கோ," என்றார். நாகத்துக்கு முன்னால் நின்று பாண் தின்ற ஒரே மந்திரவாதியும் நான்தான்.

இதெல்லாம் சிரிப்போடு போய்க்கொண்டிருந்தது, சுதாவின் இளவேனிக்குக் கை போகும் வரைக்கும்.

இளவேனி என்பது சுதாவின் வாள்வீராங்கனை. பள்ளிக்கூடத்தில் அதிபரிடம் சொல்ல ஏலாததையெல்லாம் சுதா இளவேனியின் வாளால்தான் சொல்லுவாள். கடற்குகையில் ஒரு பூதத்தோடு சண்டை. சுதா உருட்டிய தாயக்கட்டையில் ஒன்று விழுந்தது. பத்தியத்தார் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "வலக்கை போயிட்டுது. முழங்கையோடை."

"மந்திரத்தாலை திருப்பி வளக்கலாம்தானே?"

"வளர அதென்ன பல்லி வாலோ?"

சுதா கைப்பையை எடுத்தாள், படியிறங்கினாள், போய்விட்டாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஆளில்லாமல் ஆட்டம் நின்றது. "ஒரு கையைக் குடுத்தால் என்ன, உங்கட வீட்டுச் சொத்தோ?" என்று ரெஜியும் பத்தியத்தாரோடு முகம் முறித்துக்கொண்டான். பத்தியத்தார் பிரேக் கட்டை கேட்டு வந்தவருக்குக் கிளச் கேபிளை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது ஞாயிறு, நன்றாக அயன் பண்ணின சேர்ட்டோடு என் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு குலை முந்திரிகைப்பழமும் ஒரு பிஸ்கட் டின்னும்.

"அன்புவழிபுரத்துக்கு, சுதா வீட்டை போவம். தனியப் போகப் பயமாய்க் கிடக்கு."

சுதாவின் அம்மாதான் கதவைத் திறந்தா.

"அம்மா, உங்கட மகளின்ரை கை விசயமாய்க் கதைக்க வந்தனாங்கள்," என்றார் பத்தியத்தார்.

அம்மா அவருடைய சேர்ட்டைப் பார்த்தா. முந்திரிகையைப் பார்த்தா. உடனே கதிரையைத் துடைத்துப் போட்டா. அலுமாரிக்குள்ளிருந்து நல்ல கோப்பைகள் வெளியே வந்தன.

"தம்பிக்குச் சொந்த இடம்?"

"கட்டைபறிச்சான்."

"தாய் தேப்பன்?"

"இருக்கினம். அம்மா, நான் ஒளிக்காமல் சொல்லுறன். அந்த வலக்கை போனது போனதுதான். அதை என்னாலை திருப்பித் தர ஏலாது. ஆனால் மிச்சக் கையையும் ரெண்டு காலையும் நான் கவனமாய்ப் பாத்துக்கொள்ளுவன்."

அம்மா தேத்தண்ணித் தட்டத்தை அப்படியே மேசையில் வைத்தா. "பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று அவ போட்ட சத்தத்தில் சுதா குசினிக்குள்ளிருந்து இரண்டு கையோடும் ஓடிவந்தாள்.

"ஐயோ அம்மா, அது விளையாட்டு!"

"விளையாட்டோ? அப்ப இந்த முந்திரிகை ஆருக்கு?"

"இளவேனிக்கு," என்றார் பத்தியத்தார். "காயக்காரியைப் பாக்க வெறுங்கையோடை வாறதோ?"

விளங்கப்படுத்தி முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா மகளைப் பார்த்துத்தான் கோபப்பட்டா.

"உன்ரை சின்னம்மாவுக்கு வலக்கை ஏலாமப் போகேக்கை உனக்கு அஞ்சு வயது. இடக்கையாலை தேங்காய் துருவி, மீன் வெட்டி, மூண்டு பிள்ளையளை ஆளாக்கினவள். உன்ரை இளவேனி ஒரு வாள் தூக்கப் பஞ்சிப்படுறாளோ?"

பத்தியத்தார் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"சின்னம்மா பழக எவ்வளவு காலம் பிடிச்சது, அம்மா? முதல் என்ன பழகினவ?"

அம்மா சொன்னா. தலை இழுத்துக் கட்டின பாடு, சட்டைப் பொத்தானோடு பட்ட பாடு, மீன் வழுக்கி நிலத்தில் விழுந்தபோது சின்னம்மா குந்தியிருந்து அழுதது, பிறகு தானே சிரித்தது. எல்லாம் சொன்னா. அவர் தேத்தண்ணியைத் தொடவேயில்லை.

அடுத்த ஞாயிறு சுதா வந்தாள். ரெஜியும் வந்தான். புதிதாக ஒரு சட்டமும் வந்திருந்தது. கை போனவர் மற்றக் கையைப் பழக்கலாம், ஆனால் பழகித்தான் ஆகவேண்டும். இளவேனி வாளைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டாள். குதிரையிலிருந்து வழுக்கினாள். ஒரு கோழிக்குஞ்சிடம்கூடத் தோற்றாள். நாங்கள் சிரித்தால் பத்தியத்தார் முறைப்பார். ஒருவழியாக அதே கடற்குகை, அதே பூதம், இடக்கை வாள். தாயக்கட்டை உருண்டு நின்றபோது சுதா கதிரையில் ஏறி நின்று கத்தினாள். உடனே அம்மாவுக்குப் போன்.

"அம்மா, இளவேனி வெண்டிட்டாள்!"

"சாப்பிட்டவளோ?" என்று கேட்டா அம்மா.

பிறகு எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. ஞாயிறுகளில் போனிலேயே விளையாடினேன். போன வருஷம் குடல்வால் வெடித்து, ஒப்பரேஷன் முடிந்து, வார்ட்டில் கிடந்தேன். கண் விழித்தபோது பத்தியத்தார் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை. இரவு பஸ்ஸில் வந்த கசங்கின சேர்ட்.

"நோகுதோ" என்று அவர் கேட்கவில்லை.

"இண்டைக்கு ஆட்டம் இல்லையோ அண்ணை?" என்றேன்.

அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"பூதங்கள் எல்லாத்தையும் நிப்பாட்டி வைச்சிருக்கிறன். நீங்கள் எழும்பி நடக்குமட்டும் அங்கை ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காது."