உங்கள் தங்கைக்கு முட்டை எப்படிப் பிடிக்கும்?

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

கடைசல் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற உங்கள் தங்கை புருஷன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், உங்கள் தங்கையின் வலது மணிக்கட்டைத் தவிர. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் எலும்பு விரிசல், ஆறு வாரக் கட்டு. பதற வேண்டாம், வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே காலை முட்டை என் பொறுப்பானது. முப்பது வருடம் இரும்பை நூலளவு பிசகாமல் கடைந்தவனுக்கு முட்டை எம்மாத்திரம் என்று இறங்கினேன் மச்சான், முதல் முட்டை ஓட்டோடு வாணலிக்குள் போனது, இரண்டாவதில் விழுந்த ஓட்டைப் பொறுக்குவதற்குள் முதலாவது கருகியது, மூன்றாவதைத் திருப்பிப் போட்டேன், அது அடுப்புக்குப் பின்னால் விழுந்தது, இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. வேலைக்குக் கிளம்பிய மகள் தட்டைப் பார்த்து, "அப்பா, மஞ்சக்கரு எங்கப்பா?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

உங்கள் தங்கை நாற்காலியில் உட்கார்ந்து, அடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தீயைக் குறைங்க" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "சத்தம் கேக்குதே! சடசடன்னா அவசரம், மெதுவா முணுமுணுத்தா பதம்." ஆடிப்போய்விட்டேன். நானும் கடைசல் இயந்திரத்தைச் சத்தம் கேட்டுத்தான் ஓட்டினேன். என்னை அங்கே மேஸ்திரி என்றார்கள். இவளை யார் என்ன சொன்னோம்? பல் இல்லாத என் அப்பாவுக்குக் குழையக் கிளறியது, மகளுக்குக் கரு தளும்பும் ஆஃப்பாயில், எனக்கு இரு பக்கமும் முறுகி மிளகு தூவியது, எல்லாம் ஒரே வாணலியில், ஒரே நேரத்துக்கு, ஒன்றும் ஆறாமல்! நான் ஒன்றை முடிப்பதற்குள் மற்ற இரண்டு பேரும் பட்டினி.

பத்தாம் நாள் மூன்று தட்டும் ஒழுங்காய் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "உனக்கு எப்படி வேணும்?" என்று கேட்டேன். திகைத்துப் பார்த்தாள்.

"எனக்கா? எது உடைஞ்சுதோ அதைக் குடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம், இது எனக்குத் தெரியவில்லையே மச்சான்! ஞாயிற்றுக்கிழமை வெறிபிடித்தவன்போல ஐந்து விதமாய்ப் பொரித்து ஐந்து தட்டை அவள் முன் வைத்தேன். இடது கையால் ஒவ்வொன்றாய்ச் சாப்பிட்டாள். உப்பு கூட, ஓரம் கருகல் என்று குற்றம் சொன்னாளே தவிர, எது பிடித்தது என்று சொல்லவில்லை. கேட்டால் சிரிக்கிறாள். அவளோடு வளர்ந்தவர் நீங்கள். சின்ன வயதில் எப்படிச் சாப்பிடுவாள் என்று தயவுசெய்து உடனே எழுதவும். கட்டுப் பிரிப்பதற்குள் நான் கற்றுக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தீர்ந்து நீங்கள் படியேறி இங்கு வர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். "அண்ணனை ஏன் தொந்தரவு பண்றீங்க? எனக்கு முட்டையே பிடிக்காது. எல்லாரும் சாப்பிடும்போது சும்மா உக்காரக் கூடாதேன்னு சாப்பிட்டேன்." அப்படியானால் அந்த ஐந்து தட்டு? "அவ்வளவு ஆசையா வச்சீங்க, எப்படி வேணாம்னு சொல்றது?" ஆகவே நீங்கள் பதில் எழுத வேண்டாம். வேறென்னதான் பிடிக்கும் என்று அவளையே கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறாளாம்.