ரங்கத் பஸ்ஸில் போன ரோஜாப்பூ

மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும். பஸ்ஸில் அனுப்பக் கூடாது. இது எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நாற்பது பேர் உட்கார்ந்தும் எட்டுப் பேர் நின்றும் போன ஒரு பஸ் கற்றுக் கொடுத்தது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். சுனாமி எங்கள் குடும்பத்தைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து கிளப்பி, போர்ட் பிளேரில் பத்துபஸ்தி என்ற இடத்துக்குக் கொண்டுவந்து போட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். வீட்டுக்காரர் சேகருக்கு நடு அந்தமானில் இருக்கும் ரங்கத்தில் வேலை. ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏழெட்டு மணி நேரப் பயணம், பெரிய காடு, பஸ்ஸையே படகில் ஏற்றிக் கடக்க வேண்டிய இரண்டு கழிமுகம். மாசத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் போனில்தான் குடும்பம்.

போனில் குடும்பம் நடத்தினால் போனில்தான் சண்டையும் வரும். போர்ட் பிளேருக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதிப் போடுங்கள் என்று நான் சொல்வேன். பார்க்கலாம் என்பார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு அந்த மோட்டாரையே கட்டி வச்சிருக்கலாம்" என்றேன்.

"கட்டியிருக்கலாம்தான். சுவிட்சை அணைச்சா அது நின்னுடும்" என்றார்.

(இதற்கு எந்தப் பெண்தான் சும்மா இருப்பாள்?) நீங்கள் அனுப்பிய சேலையைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அது பொய். சேலை பெட்டியில்தான் இருந்தது. அவர் போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் பதினோரு நாள் போனே இல்லை. நான் அடித்தாலும் எடுக்கவில்லை.

முதல் மூன்று நாள் கோபமாக இருந்தேன். அப்புறம் கோபம் போய் பயம் வந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரிடமிருந்தாவது போன் வரவில்லை என்றால் சோறு இறங்காது. ஆனாலும் அதை அவரிடம் சொல்ல வீம்பு விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளியில் ஒரு டீச்சருக்கு, கப்பலில் வேலை பார்க்கும் கணவர் ரோஜாப்பூ பொக்கே அனுப்பினார். ஸ்டாஃப் ரூமே வாயைப் பிளந்தது. அன்று சாயங்காலமே ஏர்போர்ட் பக்கம் இருந்த பூக்கடையில் போய் நின்றேன். விமானத்தில் வரும் பெரிய அதிகாரிகளுக்குக் கொடுக்கிற பொக்கேதான் அங்கே வியாபாரம்.

"ரங்கத்துக்கு அனுப்பணும்" என்றேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க டெலிவரி ஏர்போர்ட் வாசலோட சரிம்மா. ரங்கத்துக்கு சிமெண்ட் போய்ப் பார்த்திருக்கேன். ரோஜா போய்ப் பார்த்ததில்லை."

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். நான் பன்னிரண்டு ரோஜாவை வாங்கிக்கொண்டு வந்து, வாளித் தண்ணீரில் வைத்துவிட்டு, மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். 'அன்புள்ள குண்டுப் பூனைக்கு' என்று தொடங்கினேன். (கல்யாணமான புதிது. தயவுசெய்து சிரிக்காதீர்கள்.) சேலை பெட்டியில்தான் இருக்கிறது, இரண்டு தடவை கட்டிக் கண்ணாடியில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதினேன். உங்கள் குறட்டை இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று எழுதினேன். மோட்டாரைக் கட்டிவைத்துப் பேசியது தப்புதான் என்று எழுதினேன். இன்னும் என்னென்னவோ எழுதினேன். கவரில் போட்டு ஒட்டி, வெளியே இங்க் பேனாவால் அழகாக முகவரி எழுதி, பொக்கேயின் காம்போடு சேர்த்துக் கட்டினேன். இங்க் பேனா எழுத்தை ஈரக் காம்போடு கட்டுகிறவள் ஒரு டீச்சர் என்பதை யோசித்துப் பாருங்கள்.

விடியற்காலை முதல் பஸ். கண்டக்டர் ஒரு வங்காளி, பெயர் தபன். பார்சலை வாங்கிக்கொண்டு, "ஃபிகர் மத் கரோ மேடம், ஃபூல் மேரி ஜிம்மேதாரி" என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். கவலைப்படாதீர்கள், பூ என் பொறுப்பு என்று அர்த்தம். என் நம்பரை வாங்கிக்கொண்டார். முகவரிதான் கவரில் இருக்கிறதே என்று நான் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை.

ஒன்பது மணி. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஆடு, மாடு, கோழி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தபன்தான். காட்டைத் தாண்டி, பாராடாங் படகுத்துறையிலிருந்து பேசினார்.

"மேடம், பூ நல்லா இருக்கு. கவர் மட்டும் நனைஞ்சு போச்சு. அட்ரஸ் அழிஞ்சிடுச்சு. அதனால திறந்து பார்த்தோம்" என்றார் இந்தியில்.

"திறந்தோம்னா? யார் யார்?"

"பஸ்தான் மேடம்."

விஷயம் இதுதான். தபனுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. பஸ்ஸில் முனியாண்டி என்று ஒரு கொத்தனார் இருந்திருக்கிறார், ராமநாதபுரத்துக்காரர். உள்ளே முகவரி இருக்கிறதா பாருங்கள் என்று கடிதத்தை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு மனசுக்குள் படிக்கும் பழக்கம் கிடையாது. சத்தமாகப் படித்தால்தான் படிப்பார். அவர் ஒரு வரி தமிழில் படிக்க, தபன் அதைக் கேட்டு இந்தியில் சொல்ல, பின் சீட்டில் யாரோ அதைத் தெலுங்கில் சொல்ல, காட்டு வழி முழுக்க இதே வேலையாக வந்திருக்கிறார்கள்.

"என் நம்பர் இருந்துச்சே! போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே!"

"காட்டுல சிக்னல் இல்லையே மேடம்."

"அப்போ காட்டைத் தாண்டினப்புறம் திறந்திருக்கலாமே!"

"அதுக்குள்ள முனியாண்டி பாய் முதல் பக்கத்தை முடிச்சிட்டார்" என்றார். அப்புறம் வருத்தத்தோடு, "மூணு பக்கத்திலும் அட்ரஸ் இல்லை மேடம். கடைசி வரைக்கும் தேடினோம்."

தேடினார்களாம்!

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் போனைப் பிடுங்கியது. ரங்கத் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மலையாளச் சேச்சி. "மோளே, விஷமிக்கண்டா, வருத்தப்படாதே. புருஷன்மாரோட மோட்டாரைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. மற்றதெல்லாம் கிளியர்" என்றார். நான் அழுவதா கத்துவதா என்று தெரியாமல் நின்றேன். வட்டத்தில் இருந்த இருபது பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டே "கோழி கொக்கரக்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தன. பம்ப் ஹவுஸ் சேகர் என்று சொல்லிவிட்டு, "கடுதாசியை மடிச்சு உள்ளே வைங்க, அது போதும்" என்று கெஞ்சினேன். சரி என்றார்கள். சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள்.

மடிப்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடிதத்தைக் கேட்ட பாசத்தில் பஸ்ஸே பூவைக் கவனிக்கத் தொடங்கிவிட்டது. படகில் போகும்போது யாரோ ஒரு புண்ணியவான், பூ வாடுகிறதே என்று பிளாஸ்டிக் மக்கில் கழியின் தண்ணீரை மொண்டு ஊற்றியிருக்கிறார். சுத்தமான கடல் தண்ணீர். அக்கரையில் கதம்தலா ஊர் வருவதற்குள் பன்னிரண்டு ரோஜாவும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. உடனே பஸ்ஸுக்குக் குற்ற உணர்ச்சி. வெறும் கையோடு போனால் அந்தப் பெண்ணின் குடும்பம் என்ன ஆவது என்று பேச்சு. டீ குடிக்க நிறுத்திய இடத்தில் ஆளாளுக்கு இறங்கி, செம்பருத்தி, அரளி, யார் வீட்டு வேலியிலிருந்தோ நித்தியகல்யாணி என்று பறித்து அதே பிளாஸ்டிக் தாளில் சொருகியிருக்கிறார்கள். நடுவில் கனமாக ஒன்று வேண்டும் என்று முனியாண்டி ஒரு வாழைப்பூவை வாங்கி வைத்தாராம். கேட்டதற்கு, "அதுவும் பூதானே" என்றாராம்.

சேகர் அன்று பம்ப் ஹவுஸில் பனியனும் கிரீஸ் கையுமாக மோட்டாரை ஓடவிட்டுவிட்டு, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் போக வேண்டிய பஸ் வளைந்து வந்து அவர் வாசலில் நின்றது. நாற்பது சொச்சம் பேர் இறங்கினார்கள். இவர் பயந்துபோய், ஊரில் தண்ணீர் வரவில்லை என்று அடிக்க வந்திருக்கிறார்கள் என்று ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டாராம்.

தபன் வாழைப்பூ பொக்கேயையும் பிரித்த கடிதத்தையும் நீட்டி, "மேடம் அனுப்பினாங்க. படிங்க சார். ரெண்டாவது பக்கம் ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

அவர் படிக்கும் வரை ஒருத்தரும் நகரவில்லை. படித்து முடித்த பிறகும் நகரவில்லை. போன் போட்டால்தான் வண்டி எடுப்பேன் என்று டிரைவர் என்ஜினையே அணைத்துவிட்டார்.

மத்தியானம் என் போன் அடித்தது. பதினோரு நாளுக்குப் பிறகு என் புருஷன் பேசிய முதல் வார்த்தை இது:

"வசந்தி... பஸ் போகமாட்டேங்குது."

"நான் என்னங்க பண்ணட்டும்?"

"ஏதாவது பேசு. நாம பேசினாத்தான் போவாங்களாம்."

பின்னாலிருந்து முனியாண்டி குரல்: "தம்பி, சேலையைப் பத்திக் கேளுங்க!" சேச்சி அவரை அதட்டினார். அப்புறம் எல்லாரும் ஒருவரையொருவர் "சுப், சுப்" என்று அடக்கிக்கொண்டார்கள். அந்த அமைதியில்தான் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "டிரான்ஸ்ஃபருக்கு எழுதிப் போட்டு ஏழு மாசமாச்சு. ரெண்டு தடவை ஆபீஸுக்கும் போய் நின்னேன். கிடைக்கலேன்னா நீ ஏமாந்து போவியேன்னு சொல்லலை."

"இதைச் சொல்றதுக்கு என்னங்க? ஏழு மாசமா உங்களைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேனே" என்றேன். அழுதுவிட்டேன். நான் அழுவதை அவர் அங்கே சொல்ல, தபன் அதை இந்தியில் சொல்ல, பஸ்ஸே கைதட்டியது. ஒரு மனைவி நிம்மதியாக அழக்கூட விடாத ஜனம்.

இதற்குள் உள்ளே மோட்டார் தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடி, அதன் கம்பிச்சுருள் கருகிவிட்டது. ரங்கத் பஜாருக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. ஏன் இல்லை என்று ஊர் கேட்டது. ஊருக்குப் பதில் சொல்ல நாற்பது பேர் தயாராக இருந்தார்கள். மேலதிகாரி விளக்கம் கேட்டார். சேகர் என்ன எழுதிக் கொடுத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த மாசம் நான் ரங்கத் போனபோது மீன் விற்கிற அம்மா முதல் பஸ் ஸ்டாண்ட் போலீஸ்காரர் வரை "சிட்டி வாலி, சிட்டி வாலி" என்று என்னைக் காட்டினார்கள். கடுதாசிக்காரி. டிரான்ஸ்ஃபர் வர இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷமும் அதுதான் என் பெயர்.

கடிதத்தை அவர் என்னிடம் திருப்பித் தரவே இல்லை. சொந்தக்காரர்கள் வந்தால் எடுத்துக் கொடுப்பார், அவர்கள் படித்துச் சிரிப்பார்கள். கேட்டுக் கேட்டு எங்கள் மகளுக்கு முழுக்க மனப்பாடம். போன வருஷம் தமிழ்ப் பரீட்சையில் 'உறவினருக்குக் கடிதம் எழுதுக' என்று ஒரு கேள்வி. அவள் 'அன்புள்ள குண்டுப் பூனைக்கு' என்று தொடங்கி, ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்துவிட்டாள். பள்ளியிலிருந்து வரச் சொன்னார்கள்.

தமிழ் டீச்சர் சின்ன வயசுப் பெண். விடைத்தாளை என் முன்னால் வைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், எனக்கு ரங்கத்துதான். எங்கம்மா அந்த பஸ்ல வந்தாங்க" என்றாள் மெதுவாக. "எங்க வீட்ல எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். மூணாவது பக்கம் கடைசி வரி மட்டும் அம்மாவுக்கு மறந்துபோச்சு. அந்த நேரம் பார்த்துப் பின்னால ஒரு குழந்தை அழுதுச்சாம். உங்களைப் பார்த்தா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

என்ன செய்வது? சொன்னேன்.

"'கோபம் தீராட்டியும் பரவாயில்லை, உயிரோட இருக்கேன்னு ஒரு மிஸ்டு காலாவது குடுங்க.'"

அவள் சிவப்பு மை பேனாவை எடுத்து, உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.