பஸ்லியாவுக்கு வீடு கட்டுவது யார்?

சாய்ந்தமருது,
செவ்வாய், லுஹர் தொழுகைக்குப் பின்.

மதிப்புக்குரிய மச்சான் சீனிமுகம்மது அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ். நானும் உங்கள் தங்கச்சி உம்முவும் மகள் நுஸ்ஹாவும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். மனதுக்குத்தான் சுகமில்லை, கடிதமும் அதைப் பற்றியதுதான். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஒலுவில் கரையில் கடல் இந்தமுறை எத்தனை தென்னையைக் கொண்டுபோனது என்பதையும் அறியத் தாருங்கள்.

கையில் போன் இருக்க இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். அந்தப் போனை வாங்கித் தந்தவர் நம் மருமகன் ஹாதிக். அதற்குள் வட்ஸ்அப்பைப் போட்டவரும் அவரே, அதைத் திறக்கிற இலக்கமும் அவருக்குத் தெரியும். மதுவரித் திணைக்களத்தில் காலம் முழுக்க அடுத்தவன் அடுப்படியை மோந்து பார்த்துச் சம்பளம் எடுத்தவன் நான். கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறவன் ஊற்றித் தந்த தேத்தண்ணியை ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. அப்படிப்பட்டவன் மருமகன் தந்த போனில் மருமகனைப் பற்றிக் கதைப்பேனா? ஆகவே கடிதம், அதுவும் உங்கள் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றுகிற லொறிக்கார றிபாஸின் கையில். இது வயல் காணி விசயம் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் நீங்கள் என்பதை முதலில் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. "மருதமுனைப் பொடியன், தறிக்காரக் குடும்பம், பேங்கில வேல, ஒரு பொம்புளய நிமிந்து பாக்கமாட்டான் மச்சான்" என்று என் முன்னால் கதிரையில் இருந்து வெற்றிலை போட்டபடி சொன்னது நீங்கள்தான். நானும் வழக்கம்போல மகளின் பேரில் வீட்டை எழுதி, நிக்காஹ் காவினை முடித்து, மாப்பிள்ளையை வீட்டோடு கூட்டிவந்தேன். இப்போது அவர் பேங்கை விட்டுவிட்டார். மேல் அறைக்குள் கொம்பியூட்டரை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். என்ன வேலை மகன் என்று கேட்டேன். முந்திப் பிள்ளைகள் கையில் வைத்து விளையாடிய ஒரு விளையாட்டாம், ஒரு பொடியன் ஒரு தீவைச் சுற்றிச் சாகசம் செய்வானாம். அதன் சொந்தக்கார வெளிநாட்டுக் கம்பனி, இந்தக் காலத்து ஆட்களுக்கு ஏற்ற மாதிரி அதைத் திரும்பவும் செய்து தரச் சொல்லி இவரிடம் ஒப்படைத்திருக்கிறதாம். அந்தப் பழைய மெசினையும் காட்டினார். சவர்க்காரக் கட்டி அளவில், சாம்பல் நிறத்தில், கண்ணாடியில் கீறல் விழுந்து கிடந்தது. சரி மகன் என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தேன், ஆனால் என் மனம் இறங்கவில்லை. ஏற்கெனவே செய்து முடித்த ஒன்றை எவனாவது காசு கொடுத்துத் திரும்பச் செய்விப்பானா? ஒருமுறை வடித்ததை மறுபடி வடிக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது திணைக்களத்தில் நான் கற்ற பாடம்.

போன கிழமை குப்பை எரிக்கப் போனேன். எரிக்க முன் பார்ப்பது என் வழக்கம், அது உங்களுக்குத் தெரியும். மருமகனின் குப்பைக் கூடைக்குள் ஒரு வீட்டு பிளேன். கேற், முன்பக்கக் கிணறு, இரண்டு அறை, பின்னால் குசினி, எல்லாம் அளவாகக் கீறி, மேலே வடிவான எழுத்தில் "பஸ்லியா வீடு" என்று போட்டிருந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனையால், "இப்ப உள்ள ஆக்களுக்கு இது காணாது, இன்னும் பெரிசாக்க வேணும்" என்று மருமகனின் கையெழுத்து. மச்சான், நீங்களே சொல்லுங்கள், நம் பக்கத்தில் எந்த ஆம்பிளை தனக்கென்று வீடு கட்டியிருக்கிறான்? பொம்புளப் புள்ள பிறந்த கையோடு அவள் வீட்டுக்குக் கல்லரியத் தொடங்குகிற ஆட்கள் நாம். வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுகிறவர். அப்படியிருக்க, கலியாணம் முடித்த ஒருவரின் கையில் இன்னொரு பெண்ணின் பேர் போட்ட வீட்டு பிளேன் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? எங்கோ ஒரு வாப்பா தன் மகள் பஸ்லியாவுக்கு வீடு கட்டுகிறார், அந்த வீட்டில் ஏறப்போகிறவர் பெரிசாகக் கட்டச் சொல்கிறார், வேறென்ன? கிணற்றடியில் போய் இருந்துவிட்டேன்.

நேரே கேட்டால் தடயம் அழிந்துவிடும். அதனால் மாடிப்படியில் பல்ப் மாற்றுகிற சாட்டில் ஏறி நின்று கேட்டேன். மருமகன் போனில் யாரோ ஒரு பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருந்தார், அந்தப் பக்கக் குரலும் வெளியே கேட்டது. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

"பஸ்லியா வீட்டுக்குள்ள தனியத்தான் இரிக்கா. அவட வாப்பா கப்பல்ல போனவரு, கடைசியிலதான் வருவாரு" என்றார் மருமகன்.

"அப்ப உள்ளுக்குப் போறதுக்கு என்ன தடை?"

"கேற்றடிக் கிழவன்தான். போகக்குள்ளயும் கேக்கான், வரக்குள்ளயும் கேக்கான். எங்க போற, ஆரோட போற, சாப்பிட்டியா. பதில் சொல்லாட்டி கேற்றத் திறக்கானில்ல."

"கம்பனியில அந்தாள எடுக்கச் சொல்றாங்க ஹாதிக். இந்தக் காலத்து ஆக்களுக்குப் பொறுமையில்ல."

"ஓம், பாப்பம். எனக்குக் கொஞ்சம் டைம் தாங்க."

மச்சான், நம் கேற்றடியில் கதிரை போட்டு இருக்கிறவர் யார்? போகிற வருகிறவரை அந்தக் கேள்வியெல்லாம் கேட்கிறவர் யார்? என் கேற், என் மருமகன், நான் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரனா வந்து கேட்பான்? அந்த வீட்டுக்குப் போக இவருக்குத் தடையாக இருப்பது நான், என்னை எடுக்கச் சொல்லி ஒரு கம்பனியே வேலை செய்கிறது. எடுத்து எங்கே வைப்பார்கள் என்பதைத்தான் அவர்கள் சொல்லவில்லை. அன்றிலிருந்து உம்மு கையால் வந்தால் மட்டும்தான் தேத்தண்ணி குடிக்கிறேன்.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனேன். பஸ்லியா என்று ஒரு பிள்ளை, வாப்பா கப்பலில், வீடு கட்டுப்படுகிறது, தெரியுமா என்று ஒரு சாரன் கடையில் விசாரித்தேன். கடைக்காரரின் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்து, "வாங்க, நான் கூட்டிப் போறன்" என்று ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய் இருத்திவிட்டார். அங்கே உண்மையிலேயே ஒரு பஸ்லியா இருந்தாள், தையல் படிப்பிக்கிற பிள்ளையாம். வாப்பா கத்தாரில், கப்பலில் இல்லை, அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். தாய் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்து, "மாப்பிளைக்கு என்ன வயசு?" என்று கேட்டார். நான் சம்பந்தம் பேச வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். எனக்குத் திடீரென்று பொய் வராது, பதற்றத்தில் அறுபத்தாறு என்று என் வயது வாயில் வந்துவிட்டது. அந்தத் தாய் தேத்தண்ணிக் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் சைக்கிள் மிதித்து வீடு வந்து சேர முன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. உம்மு வாசலில் நின்றாள். "இஞ்ச, அறுபத்தாறு வயசு மாப்பிள வந்திட்டாரா? பொண்ணு புடிச்சிச்சா?" என்றாள். விசாரணை முடியும்வரை உள்ளதைச் சொல்ல ஏலாது என்பதால் வாயை மூடிக்கொண்டேன், அது இன்னும் பிழையாய்ப் போயிற்று. அன்று பகல் எனக்கு வெறும் சோறு, மீன் ஆணம் இல்லை. பின்னேரம் மனம் கேட்காமல் மருமகனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். "உங்களுக்கு வஸ்வாஸ் புடிச்சிரிக்கி. அந்தப் புள்ள ராப்பகலா மேல இரிந்து பாடுபடுது, நீங்க அவர்ட குப்பையக் கிண்டிட்டு இரிக்கீங்க" என்றுவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கும் ஆணத்தை நிறுத்திவிட்டாள். மகளிடம் மெதுவாக, "ஹாதிக் உன்னோட நல்லாத்தானே புள்ள இரிக்காரு?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, "நல்லாத்தான் இரிக்காரு வாப்பா. நேத்தும் உங்களப் பத்தித்தான் கதைச்சாரு" என்றாள். மச்சான், என்னைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கிறது?

இதையெல்லாம்விடப் பெரிசு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. காரைதீவில் இருந்து யசோதினி என்று ஒரு பிள்ளை வந்தது. படம் கீறுகிற பிள்ளை, என்னோட வேல செய்யிறவங்க மாமா என்று மருமகன் சொன்னார். குரலைக் கேட்டவுடன் எனக்குப் பிடிபட்டுவிட்டது, போனில் கேட்ட அதே குரல். வந்த பிள்ளை நம் வீட்டு மண்டபத்தில் இருந்தபடி என்னையே பார்த்துப் பார்த்து ஏதோ கீறியது. "அங்கிள், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றது. எதற்குப் பிள்ளை என்றேன். "சும்மா" என்றது. ஒருவனைப் பிடிக்க முன் அவன் அடையாளத்தை எழுதி எடுப்பது எங்கள் திணைக்களத்திலும் உள்ளதுதான். இவர்கள் ஒரு படி மேலே போய் என் மூக்கையே படமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகவே நீங்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு வரவேண்டும். பள்ளிவாசலில் நம் குடிக்கு நியாயம் பேசுகிற மரைக்காயரையும் கூட்டி வாருங்கள், விருந்து என்று மட்டும் சொல்லுங்கள். அவர் முன்னால் அந்த பிளேனை வைத்து, பஸ்லியா யார், வீடு கட்டுவது யார் என்று மருமகனிடம் கேட்கவேண்டும். விசயம் பள்ளிவாசலுக்குப் போனால் பிறகு ஊர் வாயை மூட ஏலாது, நுஸ்ஹாவின் வாழ்க்கை இரண்டாகிவிடும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் என் ஒரே பிள்ளை மச்சான். அவள் அழுதால் நான் தாங்கமாட்டேன். பிறகு அழுவதைவிட இப்போதே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இவ்வளவு பாடும். அதுவரை கேற்றை விட்டு நான் அசையப்போவதில்லை.

உங்களுக்கும் வீட்டாருக்கும் அல்லாஹ் நீண்ட ஹயாத்தையும், கடல் எட்டாத காணியையும், நோவில்லாத முழங்காலையும் தந்தருள்வானாக. பிள்ளைகள் எல்லோருக்கும் என் சலாம்.

இப்படிக்கு,
சந்தேகத்தைத் தவிர வேறு குறையில்லாத மச்சான்
ஜவுபர்
(ஓய்வுபெற்ற மதுவரிப் பரிசோதகர்)

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதில் ஒன்றையும் மரைக்காயரிடம் சொல்லாதீர்கள். உறையை ஒட்டிவிட்டு றிபாஸின் லொறியைப் பார்த்து நின்றேன், டயர் காற்றுப் போய் வரப் பிந்தும் என்றார்கள். அந்த இடைவெளியில் மருமகன் கொம்பியூட்டரைக் கீழே தூக்கிவந்தார். "மாமா, ஒரு உதவி. இத விளையாடிப் பழக்கமில்லாத ஒராள் வேணும். முந்தி விளையாடின ஆக்களுக்கு வழி தெரியும், புது ஆக்கள் பாதியில விட்டுட்டுப் போறாங்க. நீங்கதான் எல்லாத்தயும் துருவிப் பாக்கிற ஆள்" என்றார். பொறி என்று தெரிந்துகொண்டேதான் அதன் முன்னால் போய் இருந்தேன்.

படத்தில் கடல், மணல், தென்னை. ஒரு பொடியன் நான் அமத்துகிற பக்கம் எல்லாம் நடக்கிறான். கடைசியில் ஒரு வீடு வருகிறது. கேற், முன்பக்கக் கிணறு, இரண்டு அறை, பின்னால் குசினி, மேலே பலகையில் "பஸ்லியா வீடு". அதற்குள் அடைபட்டுக் கிடக்கிற பிள்ளைதான் பஸ்லியா. பழைய விளையாட்டில் இருந்த பேர் நம் வாயில் நுழையாது என்று மாற்றிவிட்டார்களாம். வீட்டைக் கட்டியது ஹாதிக்கும் யசோதினியும், கல்லும் இல்லை சீமெந்தும் இல்லை. கேற்றடியில் தொப்பியும் சாரனுமாகக் கதிரையில் ஒரு கிழவன் இருந்தான். யார் என்று கேட்காதீர்கள், மூக்கைப் பார்த்தாலே தெரிந்தது.

எங்க போற, ஆரோட போற, சாப்பிட்டியா என்று கேட்டான். எனக்குச் சந்தோசமாக இருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லி உள்ளே போனேன். உள்ளே இருட்டு, வெளியே விட்டுவந்த விளக்கை எடுக்க வந்தேன், அதையே கேட்டான். திரும்பப் போனேன், கேட்டான். கிணற்றுக்கு வாளி எடுக்க வெளியே வந்தேன், கேட்டான். எனக்கு வந்ததே ஆத்திரம். "இந்தக் கிழவனுக்கு வேற வேலயில்லயா மகன்? இப்பதானே சொன்ன நான். இவனத் தாண்டிப் போக ஒரு பட்டன் இல்லயா?" என்று கேட்டுவிட்டேன்.

உம்மு குசினி வாசலில் அகப்பையோடு நின்றுவிட்டாள். நுஸ்ஹா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகன் மட்டும் நிலத்தைப் பார்த்தபடி, "அந்தப் பட்டன வைக்கச் சொல்லித்தான் கம்பனியும் கேக்குது மாமா. இல்லாட்டிக் கிழவன எடுக்கட்டாம். நான்தான் வேணாம் எண்டு நிக்கன். ஒவ்வொரு தரமும் பதில் சொல்லிட்டுப் போறவனுக்குத்தான் கடைசியில அவரு பஸ்லியா வீட்டுத் திறப்பக் குடுக்காரு" என்றார்.

மச்சான், இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அந்தக் கேற்றால் எத்தனை தடவை போய் வந்திருப்பார். ஒரு நாளாவது பதில் சொல்லாமல் போனதில்லை, முகம் சுளித்ததும் இல்லை. எனக்கு நாலாவது தரமே பொறுக்கவில்லை. இதை எழுதும்போது கண் கலங்குகிறது, உம்முவிடம் சொல்லிவிடாதீர்கள்.

மேலே எழுதியதைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன், கையெழுத்து நன்றாக வந்திருப்பதால் மனம் வரவில்லை. வாசித்துவிட்டு அடுப்பில் போடுங்கள். அந்தக் கம்பனிக்குக் கிழவனை எடுக்கக்கூடாது என்று ஒரு மனு எழுதவேண்டும், அதை நீங்களும் நானும் வெள்ளிக்கிழமை இருந்து எழுதுவோம். மரைக்காயரிடம் விருந்து என்றே சொல்லி அவரையும் கூட்டி வாருங்கள், உம்மு ஆணத்தைத் திரும்பத் தொடங்கிவிட்டாள். மூக்கை ஏன் அவ்வளவு பெரிதாகக் கீறினார்கள் என்பதில் மட்டும் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. நீங்கள் வரும்போது கேற்றடியில் நான்தான் இருப்பேன். எங்க போறீங்க, ஆரோட வாறீங்க என்று ஒன்றும் கேட்கமாட்டேன். சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்பேன், அதற்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்.