கோர்டனின் அட்டைகளுக்கு நான் போட்ட பிளாஸ்ரிக் சட்டை

பெறுமதியான ஒரு பொருள் கைக்கு வந்தால் சிலர் அதை வங்கிப் பெட்டகத்தில் வைப்பார்கள். சிலர் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகுவார்கள். எங்கள் ஆட்கள் பிளாஸ்ரிக் போட்டு லமினேற் பண்ணுவார்கள். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம், கலியாண எழுத்து, ஒன்றையும் விடமாட்டோம். (என் மச்சான் ஒருவர் கனடாவில் கிடைத்த முதல் சம்பளக் காசோலையை லமினேற் பண்ணிவிட்டு, பிறகு அதை மாற்ற வங்கிக்குப் போனார். அது தனிக் கதை.)

எனக்கு இந்த விசயத்தில் விசர் கொஞ்சம் கூட. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, கிளாலிக் கடலில் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறிய அன்று என் உடுப்புப் பை ஊறி நாசமாகிப் போனது. மெழுகுதிரிச் சுவாலையில் வாய் ஒட்டிய பொலித்தீன் பைக்குள் இருந்த ஓ.எல். பரீட்சைச் சான்றிதழ் மட்டும் மொறுமொறுவென்று கரை சேர்ந்தது. அதற்குப் பிறகு கடவுளைவிடப் பிளாஸ்ரிக்கில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பக்கம், கோர்டன் என்ற வெள்ளைக்காரரின் வீட்டு நிலத்தடி பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தேன். ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை, அதிகம் பேசமாட்டார். பேஸ்மென்றில் ஒரு ஆள்தான் இருக்கலாம் என்பது அவருடைய சட்டம். நானோ கொழும்புக்குப் போய்க் கலியாண எழுத்து முடித்துவிட்டு வந்திருந்தேன்; மனைவி நிர்மலா விசா கிடைத்து, பனிக்காலம் முடிய வந்து இறங்கப் போகிறாள். இரண்டு பேர் இருக்கலாமா என்று கேட்டேன். "யோசிக்கிறேன்," என்றார். அவர் யோசித்த காலம் முழுவதும் அவர் வாசல் பனி, பக்கத்து வீட்டு வாசல் பனி, தபால்காரர் நடக்கும் வழிப் பனி எல்லாவற்றையும் நான்தான் தள்ளினேன். பனி பெய்யாத நாட்களில் எனக்குக் கவலையாக இருந்தது.

கோர்டனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வியாபாரம் உண்டு. பழைய பேஸ்போல் அட்டைகள். ஒரு காலத்தில் சுவிங்கத்தோடு சும்மா கொடுத்த, விளையாட்டுக்காரரின் படம் போட்ட சின்ன அட்டைகள். ஒரு தேவாலய மண்டபத்தில் மேசை போட்டு விற்பார். பெட்டி தூக்குவது நான். அட்டையின் மூலை கூராக இருந்தால் ஆட்கள் அடிபட்டு வாங்குவார்கள். மழுங்கியிருந்தால் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். அட்டையைச் சோதித்துப் புள்ளி போட்டுத் தரும் கம்பனிகளும் அப்போது முளைத்திருந்தன.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. பழைய பொருள் என்றால் வருசம் போகப் போகக் குறைய வேண்டும். கோர்டனின் மேசையிலோ, நாற்பது வருசத்து அட்டைகள் நேற்று அச்சடித்தவை மாதிரி மாதாமாதம் கூடிக்கொண்டே வந்தன. இவை எங்கேயிருந்து வருகின்றன என்று கேட்டேன்.

"பரண்கள்," என்றார். "கிழவிகள் பரணைத் துப்புரவாக்கும்போது அகப்படும்."

இந்த ஊரில் இத்தனை கிழவிகளா என்று ஆச்சரியப்பட்டேன்.

ஒருநாள் குப்பைப் பை எடுக்க மேலே போனபோது, சமையலறையில் கோர்டன், பெண்கள் காலில் மாட்டும் நைலோன் ஸ்ரொக்கிங் ஒன்றோடு இருந்தார். (முதலில் ஸ்ரொக்கிங் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. சத்தம் போடாமல் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன்.) பிறகுதான் பார்த்தேன், அதனால் ஒரு அட்டையின் சுவிங்கக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையில் இஸ்திரிப் பெட்டி, கூரான கத்தி, இரும்பு அடிமட்டம். கறையைத் துடைத்து, மடிப்பை இஸ்திரி போட்டு, மழுங்கின ஓரத்தை மயிரிழை அளவு சீவி எடுத்தார். அட, பரண் இதுதானா! அது கள்ள வேலை என்று எனக்குத் தோன்றவேயில்லை. மனிசன் தன் பொருளை எவ்வளவு வடிவாக வைத்திருக்கிறார் என்று மெச்சிக்கொண்டு இறங்கி வந்தேன்.

பனி உருகும் நேரம் கோர்டன் தன் சகோதரி வீட்டுக்கு ஒரு கிழமை போனார். போகும்போது பேஸ்மென்ற் தட்டில் இருந்த சப்பாத்துப் பெட்டியைக் காட்டினார். திறமான அட்டைகள் எல்லாம் அதற்குள். "வாற ஞாயிறு லிண்டா வாங்கப்போகிறாள், கவனம்," என்றார். லிண்டா என்பது அந்த மண்டபத்தில் பெரிய மேசை போட்டிருந்த வியாபாரி.

அவர் போன கையோடு சுவரால் தண்ணீர் கசிந்து பெட்டியின் அடி நனைந்துவிட்டது. அட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தண்ணீரைக் கண்டதும் எனக்குக் கிளாலி ஞாபகம் வந்துவிட்டது. அட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெருமுனையில் இருந்த சிவமண்ணையின் தமிழ்க் கடைக்கு ஓடினேன். பக்ஸ் அனுப்புதல், போட்டோகொப்பி, கருவாடு, லமினேற்றிங், எல்லாம் அங்கே ஒரே கவுண்டரில் நடக்கும்.

"உவையள் ஆர் தம்பி? எல்லாரும் ஒரே மாதிரித் தொப்பி போட்டிருக்கினம். செக்கியூரிற்றி வேலையோ?"

"விளையாட்டுக்காரர் அண்ணை. வீட்டுக்காரற்ற சொத்து. தண்ணிக்குள்ள விழுந்தாலும் ஒண்டும் நடக்கக் கூடாது."

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். எங்கட ஆக்களின்ர காணி உறுதியெல்லாம் நான்தான் போட்டுக் குடுத்தது. மூலையை வளைச்சு வெட்டிவிடவோ? குத்தாது, வடிவாயும் இருக்கும்."

"ஓம் அண்ணை, வெட்டுங்கோ."

(பிளாஸ்ரிக்கின் மூலையைத்தான். அந்த அளவு அறிவு எனக்கும் இருந்தது.)

கோர்டன் வந்ததும் பெட்டியைத் திறந்து நானே நீட்டினேன். ஒன்றை எடுத்தார். நகத்தால் தட்டினார். வளைத்துப் பார்த்தார். கதிரையில் இருந்துவிட்டார்.

"இதை எப்படிக் கழற்றுவது?"

"கழற்ற முடியாது," என்றேன் பெருமையோடு. "கடலில் போட்டாலும் ஒன்றும் ஆகாது."

பிறகு அவர் சொன்னவற்றை எழுத முடியாது. கடைசியில், "ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து லிண்டாவிடம் சொல். அவள் இதை எப்படி எடுக்கிறாள் என்று பார்த்துத்தான் உன் மனைவி இங்கே வருவதா இல்லையா என்று சொல்வேன்," என்றார்.

லிண்டா பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். தப்பினேன் என்று நினைத்தேன். பிறகு அவள் அதே வருசத்து அட்டை ஒன்றைத் தன் பெட்டியிலிருந்து எடுத்து, பிளாஸ்ரிக்குக்கு மேலே வைத்து அளந்தாள். சிரிப்பு நின்றது.

"இது அளவு கட்டை. இதுவும் கட்டை. யார் வெட்டினது?"

கோர்டன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. என்னைக் காட்டினார். "இவன் கொண்டுபோன கடையில் வெட்டுப்பட்டிருக்கும்."

பழியை ஏற்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பேஸ்மென்ற் எனக்கு. அது எனக்கு வடிவாகத் தெரியும். ஆனால் காணி உறுதி போட்ட மெசினைப் பற்றி அப்படிச் சொல்லலாமா? எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்லை லிண்டா. கடைக்காரர் பிளாஸ்ரிக்கை மட்டும்தான் வெட்டினார். அட்டையைக் கோர்டன் வீட்டிலேயே வெட்டிவிடுவார். மிகவும் கவனமாக வெட்டுவார். ஸ்ரொக்கிங்கால் துடைத்து, இஸ்திரியும் போடுவார்." (சத்தியமாக, நான் கோர்டனுக்கு நற்சான்றிதழ் கொடுப்பதாகத்தான் நினைத்தேன்.)

லிண்டா கோர்டனையே பார்த்தாள். "இவ்வளவு புத்தம் புதுப் பழைய அட்டைகள் உனக்கு எங்கேயிருந்து வருகின்றன என்று எத்தனை வருசமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்!"

"சமையலறையிலிருந்து," என்றேன் நான், உதவியாக.

பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோர்டன் அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் மேசை போடவில்லை.

வீட்டு வாசலில், "மாதக் கடைசியில் போய்விடு," என்றார். லமினேற் பண்ணிய அட்டைகளை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். நான் கீழே போய் நிர்மலாவுக்கென்று வாங்கி வைத்த புதுக் கம்பளிக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன்.

சிவமண்ணைக்கு விசயம் போனது.

"என்ர மெசினாலதானே உமக்கு வீடு போனது," என்றார். "கடைக்கு மேல அறை ஒண்டு சும்மா கிடக்கு. கருவாட்டு மணம் கொஞ்சம் வரும். பரவாயில்லையெண்டால் மனிசியைக் கூட்டிக்கொண்டு வாரும்."

அப்படித்தான் நிர்மலா கனடாவுக்கு வந்து, லமினேற்றிங் மெசினுக்கு மேலே குடித்தனம் தொடங்கினாள். படியேறும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு, "உதுக்கோ நான் பிளேன் ஏறினனான்?" என்று கேட்டாள். பிறகு சிரித்துவிட்டாள். நான் உயிர் பிழைத்தேன்.

அந்த அட்டைகள் இன்னும் எங்கள் காணி உறுதி இருக்கிற பையில் இருக்கின்றன. மகள் சின்ன வயதில் ஒன்றை எடுத்து, "ஹூ இஸ் திஸ், அம்மா?" என்று கேட்டாள்.

"உவர்தான் உங்கட அப்பாவை வீட்டால கலைச்சவர்," என்றாள் நிர்மலா.

மகளுக்குக் கதை மனப்பாடம். போன வருசம் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவள் சான்றிதழை என் கையில் தரவில்லை. எட்ட நின்று உயர்த்திக் காட்டினாள். "பாக்கலாம் அப்பா. தொடக் கூடாது."

சிவமண்ணைக்கு ஒரு போன் மட்டும் எடுத்தேன், மெசின் இன்னும் வேலை செய்கிறதா என்று கேட்க.