தொண்டு கிழமும் தொண்டும்

என் பிணம் வேண்டுமானால் அந்த டேவானுக்குள் போகும். நான் போகமாட்டேன். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் மார்ச் மாதம், பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டு ஹாலில் நின்று இப்படித்தான் சபதம் எடுத்தேன். சபதத்தைக் கேட்டது என் மனைவி நல்லம்மாள் ஒருத்திதான். அவளும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

பிரச்சினை இதுதான். எங்கள் வட்டாரத்துப் பொதுமண்டபமான டேவானில், வயதானவர்களுக்குப் பகல்நேர மையம் ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். நல்லம்மாள் என் பேரை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"செவ்வாய், வியாழன், சனி. காலைல எட்டரைக்கு வேன் வரும். எக்சசைஸ், கேரம், பாட்டு, மத்தியானம் சோறு."

"நான் என்ன பாலர் பள்ளிக்கா போறேன்?"

"ஞாபகசக்திக்கு டெஸ்டும் எடுப்பாங்களாம்."

"என் ஞாபகத்துக்கு என்ன குறைச்சல்? முப்பத்திநாலு வருஷம் ரயில்வேல சிக்னல் பார்த்தவன் நான். ஒரு ரயிலாச்சும் தப்பான லைன்ல போயிருக்கா?"

"ரயிலு ஒழுங்காத்தான் போச்சு. நீங்கதான் காய்கறி வாங்க புடு பாசாருக்குப் போறேன்னு கிளம்பி, வழி மாறி சாலாக் செலாத்தான்ல போய் நின்னீங்க."

அது உண்மை. அதே வாரம் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்ததும் உண்மை. பக்கத்து வீட்டு ஜெயராஜைப் பார்த்து "ஹேப்பி கிறிஸ்மஸ்" என்றதும் உண்மை. ஆனால் மார்ச் மாதத்தில் அந்த ஜெயராஜ் "சேம் டு யூ" என்றாரே, அவரை எந்த மையத்துக்கு அனுப்பினார்கள்?

அந்த ஜெயராஜ்தான் எனக்கு வழி சொன்னார். "டெஸ்ட்ல பாஸ் பண்ணிடுங்க பாஸ். 'இவருக்கு ஒண்ணும் இல்ல'ன்னு அவங்களே திருப்பி அனுப்பிடுவாங்க. என் மச்சான் எழுதின டெஸ்ட்தான். கேள்வி எல்லாம் எனக்குத் தெரியும் லா."

நான்கு நாள் மனப்பாடம் செய்தேன். கிழமை, தேதி, நூறில் ஏழு ஏழாகக் கழிப்பது. மூன்று வார்த்தை சொல்வார்களாம், ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்லவேண்டுமாம். எலுமிச்சை, சாவி, ரயில். குளிக்கும்போதும் அதுதான், சாமி கும்பிடும்போதும் அதுதான்.

டெஸ்ட் நாள் வந்தது. வட்டார கிளினிக்கில், ரமணி என்று ஒரு நர்ஸ். கிழமை, தேதி, கழித்தல் எல்லாம் ராக்கெட் மாதிரி பறந்தது.

"ரொம்ப நல்லா சொல்றீங்க, அங்கிள். இப்ப நான் மூணு வார்த்தை..."

"எலுமிச்சை, சாவி, ரயில்!"

"அங்கிள், நான் இன்னும் சொல்லவே இல்லியே?"

நல்லம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ரமணி சிரிக்காமல் வேறு மூன்று வார்த்தை சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். பிறகு அந்த வார்த்தைகளைக் கேட்டார்.

"குடை," என்றேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. இப்போதுதானே சொன்னார்கள்? தேடினேன். எலுமிச்சை வந்தது, சாவி வந்தது. வேண்டிய இரண்டும் வரவில்லை. நல்லம்மாள் இப்போது சிரிக்கவில்லை.

"குடை ஞாபகம் இருந்தா மழைக்கு ஆகும். மத்தது எதுக்கு?" என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

உள்ளே இரண்டு பேரும் நெடுநேரம் பேசினார்கள். வீட்டுக்கு நடக்கும்போது நல்லம்மாள் அமைதியாகச் சொன்னாள்.

"நீங்க வரமாட்டீங்கன்னு சொல்லிட்டேங்க."

"அப்படிச் சொல்லு!"

"ஆனா நர்ஸ் ஒரு உதவி கேட்டாங்க. கார்த்திகேசுன்னு ஒரு ரிட்டையர் வாத்தியார் அங்க வராரு. ரொம்ப மறதியாம். பொறுப்பான ஆம்பள ஒருத்தர் கூடவே இருந்தா நல்லாருக்குமாம். சிக்னல் பார்த்தவராச்சேன்னு உங்க பேரைச் சொன்னேன். வேணாம்னு சொல்லிடவா?"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "தொண்டு கிழமா போகமாட்டேன். தொண்டு செய்யணும்னா போவேன்."

போனேன். வாத்தியார் தனியாகக் கைகால் ஆட்டமாட்டார், அதனால் நானும் ஆட்டினேன். தனியாகச் சாப்பிடமாட்டார், நானும் சாப்பிட்டேன். பெரிய எழுத்துப் பலகையில் "இன்று வியாழன்" என்று எழுதியிருப்பதை அவருக்காக உரக்கப் படித்தேன். கேரமில் அவர் மனசு நோகக்கூடாதென்று தோற்றேன். தினமும் தோற்றேன். இரண்டு மாதத்தில் என் முழங்கால் வலி போய்விட்டது. ஜெயராஜிடம் பெருமையாகச் சொல்வேன்: "நான் இல்லேன்னா அந்த மனுஷன் கதி என்ன?"

ஒரு வியாழன் மத்தியானம் வாத்தியாரை அழைத்துப்போக அவர் மனைவி சீதாலெட்சுமி வந்தார். என்னைப் பார்த்ததும் கைகூப்பினார்.

"நீங்கதானே நாகையா அண்ணே? இவரு உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பாரு."

"பரவால்லம்மா, என் கடமைதானே."

"இங்க வரவே மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்ன மனுஷன், அண்ணே. 'நாகையான்னு ஒருத்தரு, பாவம், வழி தெரியாம சாலாக் செலாத்தான்ல போய் நின்னவரு, அவரைப் பாத்துக்க ஆள் வேணும்'னு உங்க வீட்டம்மா வந்து கேட்டாங்க. அதுலேர்ந்து ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல."

வீட்டுக்குள் புயலாக நுழைந்தேன்.

"நல்லம்மா! என்னை ஏமாத்திட்ட!"

"எங்க ஏமாத்தினேன்? நீங்க அவரைப் பாத்துக்கிறீங்க, அவரு உங்களப் பாத்துக்கிறாரு. நான் நிம்மதியா பாசார் போயிட்டு வரேன்."

"சனிக்கிழமை போகமாட்டேன். இது சத்தியம்!"

"சரிங்க. அதை அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சொல்லத்தான் சனிக்கிழமை எட்டரைக்கு வாசலில் நின்றேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றது தற்செயல். வேன் வந்தது. கதவு திறந்தது. வாத்தியார் உள்ளேயிருந்து குனிந்து கையை நீட்டினார்.

"மெதுவா, நாகையா, மெதுவா. படி உயரம். பயப்படாம கையைப் புடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டேன். படி உயரம்தான்.