புறநகர் அரண்மனை விற்பனைக்கு, குளிர்ச்சி இலவசம்

வீட்டுத் தரகுத் தொழிலில் கொடிகட்டிப் பறக்கும் மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காளைக் கட்டிய அத்தான் எழுதுவது. தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். கமிஷன் வாங்கியவர்கள் யாரும் நலம் கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"நகரத்துல புறாக்கூண்டு வாங்குற காசுக்குப் புறநகர்ல அரண்மனையே வாங்கலாம் அத்தான், முதலீடுன்னா இதான்!" என்று தாங்கள் சொன்னதை நம்பி, ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை எல்லாம் இங்கே கொட்டினேன். அரண்மனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏசியைப் போட்டு உட்கார்ந்தால், வரப்போகும் கரண்ட் பில்லை நினைத்து வியர்க்கிறது. பெட்ரோல் ஏறியதிலிருந்து காருக்கு அடியில் பூனை குடித்தனம் நடத்துகிறது. பல் டாக்டரிடம் போய்வரும் செலவு பல்லைப் பிடுங்கும் செலவைத் தாண்டிவிட்டதால், வலியோடு சமாதானமாகப் போய்விட்டேன். வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த மகள், "வந்துட்டோம்னு நெனச்சுக்கங்கப்பா" என்று போனிலேயே முடித்துக்கொள்கிறாள். போன மாதம் உன் அக்கா (தாங்கள் என்று எழுத இதற்கு மேல் கை வரவில்லை) பெட்டியைக் கட்டிவிட்டாள். "இத வித்துட்டு வாங்க, சேர்ந்திருப்போம். இல்லாட்டி நீங்களும் உங்க வீடும்!" என்று சொல்லிவிட்டு, நகரத்தில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

விற்கலாம் என்றால், வருகிறவன் எல்லாம் முதலில் கரண்ட் பில்லைத்தான் கேட்கிறான். அதனால் ஒரு யோசனை செய்தேன். விடிந்ததும் நாலு அறையிலும் ஏசியை ஓடவிட்டு, வீட்டை நன்றாகக் குளிரவைத்து, ஆள் வரும் நேரத்துக்கு எல்லாவற்றையும் அணைத்தேன். வந்தவர் அசந்துபோய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "ஏசி போடாமலே இவ்வளவு குளிர்ச்சியா?" என்றார். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். "இது என்னங்க, மழைக்காலத்துல ரெண்டு போர்வை வேணும்" என்று அளந்துவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ, எங்க அம்மாவுக்கு ஆஸ்துமாங்க, ஒத்துக்காது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்காகவே சொன்னது.

உன் அக்கா திட்டாத வீடு வீடாகவே இல்லையப்பா. அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதை அவளிடம் சொல்லித் தொலைக்காதே. அடிமாட்டு விலைக்காவது இதைத் தள்ளிவிடு.

உன் மனைவிக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உனக்கானது வீடு விற்ற பிறகு.

இப்படிக்கு,
அரண்மனைவாசி அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் டாக்சி. உன் அக்காவேதான்! மின்சாரச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று அங்கே பகலில் லிஃப்டை நிறுத்திவிட்டார்களாம். ஒன்பது மாடி ஏறி இறங்கி முட்டி தேய்ந்து, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டாள். மருமகனுக்கு இனி வீட்டிலிருந்தே வேலையாம். நாலு ஏசியும் ஓடுகின்றன. எனக்குக் கூடத்தில் படுக்கை. மனசுக்கு ரொம்பச் சந்தோஷம். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு, வீட்டை விற்க வேண்டாம். ஆனால் நகரத்தில் ஒண்டிக்கட்டைக்கு ஏற்ற ஒற்றை அறை ஏதாவது வாடகைக்கு வந்தால், உன் அக்காவுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் சொல்.