வின்னியின் நாற்காலியில் உட்கார்ந்தவர்

மேயோ, அயர்லாந்து,
நவம்பர் முதல் தேதி

பாஸ்டனில் வாழும் மரியாதைக்குரிய அக்கா ஹனோராவுக்குத் தம்பி பார்ட்லி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மகள், உங்கள் மருமகள் சபீனாவும் இரண்டு மாடுகளும் கடவுள் புண்ணியத்தில் நலம். கழுதைக்கு மட்டும் இருமல். நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. சபீனாவை ஹெனகன் வீட்டுக் கோல்மனுக்குக் கட்டிக்கொடு, பிடிவாதம் பிடிக்காதே, இருவருக்கும் கப்பல் டிக்கெட் நான் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே ஹாலோவீனுக்குப் பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். பூசணிக்காயா அக்கா? அதைக் குடைவதற்கு ஒரு கரண்டி போதுமே! கல் மாதிரி இருக்கும் டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளங்கை கொப்பளித்தால்தான் பேய்க்கு நம் மேல் மரியாதை வரும். போகட்டும், ஊர் விட்டுப் போனவர்களிடம் என்ன பேசுவது. டிக்கெட் மட்டும் வேண்டாம். நேற்று நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். மலையில் மேய்ந்த மாடுகளைக் குளிருக்கு முன் வீட்டுக்கு ஓட்டி வருகிற நாள்தான் ஹாலோவீன். மாடு திரும்பும்போது செத்துப்போன மனுஷன் மட்டும் ஏன் வெளியே நிற்க வேண்டும் என்றுதான் நம் முன்னோர்கள் அன்று கதவைத் தாழிடாமல் விட்டிருக்கிறார்கள். நானும் அடுப்படியில், செத்துப்போன என் பெண்டாட்டி வின்னியின் நாற்காலியைப் போட்டு, உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மசித்து, வெண்ணெயும் வெங்காயத்தாளும் போட்டு ஒரு தட்டு வைத்தேன்.

"அப்பா, அம்மாவுக்கு வெங்காயத்தாள் ஆகாதே, மறந்துட்டீங்களா?" என்றாள் சபீனா.

"செத்தவங்களுக்கு ஏதுடி வயித்துவலி? நீ போய் விளையாடு, போ."

அவள் பக்கத்து வீட்டுக்கு, தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளைக் கடிக்கும் போட்டிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தலை முழுக்க வைக்கோல் முகமூடி, இடுப்பில் வெள்ளைப் பாவாடை. அன்று வீடு வீடாக வரும் வேஷக்காரர்கள் எப்போதும் கும்பலாகத்தான் வருவார்கள், இது தனியாக வந்தது. வாயே திறக்கவில்லை. நிலைப்படியில் தலை இடித்தது. வின்னி என் தோள் உயரம்தான், ஆனால் மேலே போனால் மனுஷர் வளர மாட்டார்கள் என்று யார் கண்டது? காலில் ஆண்பிள்ளை பூட்ஸ். வழியெல்லாம் சேறுதானே. நாற்காலியைக் காட்டினேன், உட்கார்ந்தது. தட்டைக் காட்டினேன், வைக்கோலை விலக்கி விலக்கி வெங்காயத்தாளோடு வழித்துத் தின்றது. இன்னொரு கரண்டி வைத்தேன், அதையும் தின்றது.

அப்புறம் நான் அழுதுவிட்டேன் அக்கா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"வின்னி, அந்தப் பய மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. நல்லவன்தான். ஆனா நம்ம புள்ளையக் கூட்டிக்கிட்டுக் கப்பலேறிட்டான்னா, காலையில நான் யாரத் திட்டிக்கிட்டு டீ குடிப்பேன்? பேச்சுத்துணைக்குக் கழுதைதான். அதுக்கும் இருமல். அவங்கள இங்கயே இருக்கச் சொல்லு. ஆத்தங்கரை நிலத்த எழுதி வச்சிடறேன்."

அது சரியென்று மெல்லத் தலையை ஆட்டியது. வைக்கோல் உதிர்ந்தது. எழுந்து என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டது.

இன்று காலை பூசை முடிந்ததும் கோல்மன் வந்து நின்றான். "மாமா, அமெரிக்கால்லாம் வேணாம். நாங்க இங்கயே இருந்துடறோம்" என்றான். நான் கேட்கக்கூட இல்லை! ஆக, வின்னியே வந்து முடிவு செய்துவிட்டாள். தவக்காலத்துக்கு முன் கல்யாணம். டிக்கெட் எடுக்க வேண்டாம், செத்தவர்கள் பேச்சை மீற நீங்கள் யார், நான் யார்?

உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். அத்தானுக்கு என் அன்பு.

தங்கள் தம்பி,
பார்ட்லி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மனசு கேட்கவில்லை. அது கோல்மன்தான். இடது பூட்ஸில் கட்டியிருந்தது போன வாரம் நான் கொடுத்த கயிறு. நிலைப்படி தாண்டும் முன்பே தெரிந்துவிட்டது. வேஷக்காரன் பெயரை நாம் சொல்லிவிட்டால் அவன் முகமூடியைக் கழற்றியாக வேண்டும் என்பது வழக்கம் அல்லவா? பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது, சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச வராது. பெண் கேட்க வந்த பிள்ளை, பாவம், பாவாடையைக் கட்டிக்கொண்டு வின்னியாக உட்கார வேண்டியதாயிற்று. அழுதவன் நான் மட்டும் இல்லை, முகமூடிக்குள்ளும் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இன்று அவன் சொன்னதைக் கேட்டுச் சபீனா சிரித்தாள். பிறகு கோழிக்குத் தீனி போடப் போனாள். தீனி முன்பே போட்டாயிற்று. கூடையை வைத்துக்கொண்டு, அமெரிக்கா இருக்கும் திசையில் கடலைப் பார்த்தபடி நின்றாள்.

டிக்கெட்டை அனுப்புங்கள் அக்கா, இரண்டும். கல்யாணத்துக்கு நான் சம்மதித்ததற்கு வின்னி வந்ததுதான் காரணம் என்றே இருவரிடமும் சொல்லப்போகிறேன், நீங்களும் காட்டிக்கொடுக்க வேண்டாம். அடுத்த வருஷம் கதவைத் திறந்து வைத்து, கப்பலேறிய இருவருக்கும் சேர்த்து மூன்று தட்டு போடுவேன். வின்னியின் தட்டில் வெங்காயத்தாள் இருக்காது.